ஒரு முழத் தூரம்

வைரம் வாங்க யார் வந்தாலும் லென்ஸ்காரர் முதலில் செய்கிற வேலை, கடை விளக்கை அணைப்பது. முதலாளிக்கு இது இருபத்தெட்டு வருடமாகப் பிடிக்காது. கூரையில் வரிசையாகப் பதித்த அந்தக் குட்டி விளக்குகளைத் தேடித் தேடி வாங்கிப் போட்டவர் அவர்.

"போட்டோ ஸ்டூடியோ வெளிச்சத்துல எல்லாரும் அழகுதாங்க. காலையில எந்திரிச்சு முகம் கழுவாம வரும்போது எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்பார் லென்ஸ்காரர். அப்புறம் கல்லை வெள்ளை அட்டை மேல் வைத்து, நேர் வெயில் விழாத ஜன்னலுக்கு எடுத்துப் போவார். கையை நீட்டி ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார். இந்தப் பக்கம் லேசாக ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. தீர்ப்பு வந்துவிடும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிற லென்ஸ் அதற்குப் பிறகுதான், உள்ளே கீறலோ புள்ளியோ இருக்கிறதா என்று பார்க்க. ஆனாலும் பெயர் என்னவோ லென்ஸுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருந்தது.

வட்டக் கல்லின் உயிர் அதன் அடிப்பாகத்துச் சரிவில் இருக்கிறது. சரிவு கூடிப்போனால் மேலிருந்து விழுகிற வெளிச்சம் திரும்பி வராமல் பக்கவாட்டில் நழுவிவிடும். நடுவில் ஆணி அடித்தாற்போல் கறுப்பாக ஒரு பொட்டு நிற்கும். அது ஆணித்தலை. சரிவு குறைந்துபோனால் கல்லின் இடுப்பு விளிம்பு உள்ளுக்குள்ளே தெரிந்து வெள்ளை வளையமாக வட்டமிடும், சந்தைப் பலகையில் கிடக்கிற மீன் முறைக்கிற மாதிரி. அது மீன்கண். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடத்தில்தான் கல் சிரிக்கும். அந்த மயிரிழையைக் கருவி இல்லாமல் சொல்லிவிடுவார் என்பதால்தான் அவருக்கு வேலை, பட்டப்பெயர், கொஞ்சம் தலைக்கனம் எல்லாம்.

"அளவுக் கருவியெல்லாம் கண்ணு இல்லாதவங்களுக்கு" என்று ஒரு வசனம் வைத்திருந்தார். சொல்லி முடித்ததும் தானே சிரிப்பார். மற்றவர்கள் சிரிக்க மறந்துவிடக் கூடாதே.

கண் மங்க ஆரம்பித்தது போன வருடம். முதலில் செய்தித்தாள் எழுத்து பாலில் விழுந்த எறும்பு மாதிரி மிதந்தது. காகிதம் மட்டமாகிவிட்டது என்றார். பிறகு தெருவிளக்குகளுக்கெல்லாம் மயிர் முளைத்தது. பனி என்றார். ஒருநாள் குளித்துவிட்டு வந்து, கதவோரம் நின்ற ஆளைப் பார்த்து, "வாங்க வாங்க, ஏன் நிக்கிறீங்க, உட்காருங்க" என்றார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "அது உங்க கோட்டு. உட்காராது."

"தெரியும். சும்மா மரியாதைக்குச் சொன்னேன்."

"எனக்கு ஒருநாளாவது இந்த மரியாதை கிடைச்சிருக்கா? டாக்டர்கிட்ட போவோம்ங்க."

போகவில்லை. டாக்டரிடம் போனால் கண்ணில் கோளாறு என்பார். லென்ஸ்காரருக்குக் கண்ணில் கோளாறு என்றால், பாடகருக்குத் தொண்டை கட்டின கதைதான். பிறகு கைதட்டவாவது கூப்பிடுவார்களா? கடையில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை. தெரியாததைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தால் தெரிந்துவிடும். முழம் முக்கால் முழமாயிற்று. முக்கால் முழம் ஒரு சாணாயிற்று. சாண் நாலு விரலாயிற்று. இப்படி நாள் ஒன்றுக்கு நெல்லளவு நகர்ந்ததில் மற்றவர்கள் கவனிக்கவில்லை என்பது இருக்கட்டும், அவரே கவனிக்கவில்லை. தான் கல்லை ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்கிறோம் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

கடந்த மூன்று மாதமாகப் பத்துக் கல் வந்தால் எட்டைத் திருப்பி அனுப்பினார். "வயசாக வயசாகக் கண்டிப்பு ஏறிடுச்சு நம்ம ஆளுக்கு" என்று முதலாளி வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். அதையும் லென்ஸ்காரர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் பாப்பா வந்தாள்.

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. லென்ஸ்காரரின் ஒரே தங்கை. பெரிய பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை. அங்கே கல்லைப் பிளப்பது ஒருவர், உருட்டுவது ஒருவர், அடிப்பட்டை போடுவது ஒருவர். பாப்பாவுக்கு மேல்பட்டை. ஆயிரக்கணக்கான கற்களுக்கு மேலே மேலே தீட்டிக்கொடுத்தாள். கீழே என்ன ஆயிற்று என்று அவளைக் கேட்டவர் யாரும் இல்லை. "அண்ணே, நான் பத்தொன்பது வருஷமா மொட்டை மாடி மட்டும் கட்டறேன். ஒரு தடவையாவது அஸ்திவாரத்துல இருந்து ஒரு வீடு கட்டணும்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒருநாள் வேலையை விட்டுவிட்டாள். வீட்டின் பின்னறையில் பழைய சக்கரம் ஒன்றை வாங்கிப் போட்டாள். கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரே ஒரு பட்டை தீட்டாத கல் வாங்கினாள். ஐந்து மாதம் அதோடு மல்லுக்கட்டினாள்.

அந்தக் கல்தான் இப்போது வெள்ளைக் காகித மடிப்புக்குள், அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. முதலாளி முன்பே சொல்லியிருந்தார்: லென்ஸ்காரர் சரி என்றால் கல்லை எடுத்துக்கொள்வது, எடுத்துக்கொண்டால் இனிமேல் கடையின் வட்டக் கற்களெல்லாம் அவள் சக்கரத்துக்கு. லென்ஸ்காரர் இல்லை என்றால் இல்லை.

"தங்கச்சின்னு பாக்காம பாரு" என்றாள் பாப்பா.

"நீ என் தங்கச்சின்னு கல்லுக்குத் தெரியவா போகுது" என்றார் அவர்.

விளக்கை அணைத்தார். சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் கல்லை எடுத்து ஜன்னலுக்குப் போனார். தன் முழத்தில், அதாவது நாலு விரலில், பிடித்துப் பார்த்தார். நடுவில் இருட்டு. சாய்த்தார், இருட்டும் கூடவே சாய்ந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். உள்ளே சுத்தம், ஒரு புள்ளி இல்லை. லென்ஸை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். இருட்டு அங்கேயேதான் இருந்தது.

"ஆணித்தலை பாப்பா."

"என்னது?"

"அடி சரிவு கூடிப்போச்சு. நடுவுல கறுப்பு அடைக்குது."

"இல்லண்ணே, சரியான சரிவுதான், நாப்பதே முக்கால் டிகிரி. மூணு தடவை அளந்தேன். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"அளவுக் கருவியெல்லாம் கண்ணு இல்லாதவங்களுக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. ஆனால் முதலாளி சிரித்துவிட்டார்.

துடைப்பம் வாங்கப் போனாலும் கடைக்காரனிடம் அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள் பாப்பா. வாயைத் திறந்தாள், கல்லைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் லென்ஸ்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி பண்ணிக் கொண்டாங்கம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார் முதலாளி.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தாள். நாலு மடிப்பும் ஓரம் பிசகாமல் மடித்தாள்.

சொந்தத் தங்கைக்குக்கூடச் சலுகை காட்டவில்லை என்று அன்று வீட்டில் அவர் மனைவியிடம் சொன்னார். பாராட்டு வரும் என்று கொஞ்சம் இடைவெளியும் விட்டார். அவள் துணி மடித்துக்கொண்டே, "அழுதாளா?" என்றாள்.

"இல்லை."

"அப்ப ரொம்ப வலிச்சிருக்கு" என்றாள்.

பத்து நாள் கழிந்தது. கடைக்கு ஒரு வாத்தியார் வந்தார், ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு முன் வாங்கித் தருகிறேன் என்று மனைவிக்குச் சொன்ன மோதிரத்தை இப்போது வாங்க வந்திருந்தார். கூட மனைவியும் வந்திருந்தாள், இந்த முறையும் பேச்சோடு போய்விடக் கூடாது என்று காவலுக்கு. லென்ஸ்காரர் விளக்கை அணைத்துவிட்டு, கடையின் கல்லிலேயே நல்ல கல்லை எடுத்து வாத்தியார் கையில் கொடுத்தார். அந்தக் கல் அவர் மூன்று வருடத்துக்கு முன், கண் நன்றாக இருந்த காலத்தில் தேர்ந்தெடுத்தது. சந்தேகமே இல்லாத கல்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பரீட்சைத் தாளில் பிட்டு தேடுகிற மாதிரி கல்லின் மேல் குனிந்தார்.

"இதென்னங்க, நடுவுல இருட்டா இருக்கு?"

லென்ஸ்காரருக்குச் சிரிப்பு வந்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி. பதிலும் நாக்கு நுனியில் இருபத்தெட்டு வருடமாகத் தயார்.

"சார், உங்க மூக்கு கல்லுல முட்டுது. அது கல்லோட இருட்டு இல்லை, உங்க தலை. கல்லுங்கறது சின்னச் சின்னக் கண்ணாடிங்க. நீங்க இவ்வளவு கிட்டப் போனா வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு உங்க தலைதான் அதுல தெரியும். நல்லா தீட்டின கல்லுன்னா இன்னும் நல்லாவே தெரியும். ஒரு முழம் தள்ளிப் பிடி..."

'பிடிங்க' என்பதில் பாதி வெளியே வரவில்லை.

வாத்தியார் கையை நீட்டினார். "அட! ஆமாங்க! ஜொலிக்குது!"

"குடுங்க இங்க" என்றாள் அவர் மனைவி.

லென்ஸ்காரர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் கல்லைப் பேசி முடித்து, ரசீது வாங்கப் போகும்வரை நின்றார். பிறகு தட்டில் மீதியிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எப்போதும் பார்க்கிற மாதிரியே பார்த்தார். ஆணித்தலை. அடுத்தது ஆணித்தலை. அதற்கடுத்ததும். அவரே பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒரு தட்டு முழுக்க, வரிசையாக, அவருடைய வழுக்கைத் தலையின் நிழல். இத்தனை கற்களில் ஒரே முகம் தெரிந்தும் அது தன் முகம் என்று அடையாளம் தெரியவில்லை. உலகத்தில் கண்ணாடி பார்த்து அடுத்தவன் என்று நினைத்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸின் எண் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அப்படிக் கேட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் ஒரே கணக்கு: பாப்பா நிதானமானவள், பத்து நாளில் கைவைத்திருக்க மாட்டாள், கல் அப்படியே இருக்கும், காகிதம் பிரிக்காமல் இருக்கும். தெருமுனை திரும்பும்போதே காதைத் தீட்டிக்கொண்டார். சக்கரத்தின் சத்தம் கேட்கவில்லை. நல்லது, வேலை ஆரம்பிக்கவில்லை.

வேலை முடிந்திருந்தது.

பின்னறையில் பாப்பா சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் எண்ணெய்க் கறுப்பு. அண்ணனைப் பார்த்ததும் ஸ்டூலைத் தட்டிப் போட்டாள்.

"நாளைக்கு நானே வரணும்னு இருந்தேன். நேத்துதான் முடிஞ்சுது. அடியைக் குறைச்சுட்டேண்ணே. முப்பத்தெட்டரைக்குக் கொண்டுவந்துட்டேன். எடை ஒரு காரட்டுக்குக் கீழே இறங்கிடுச்சு, விலையும் இறங்கும், போகட்டும். இந்தா பாரு."

கல்லை அவர் வாங்கினார். அறைக்கு ஒரே ஜன்னல், அதற்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். நல்ல நிதான வெளிச்சம். கையை நீட்டி, நிஜமான ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். சாமண நுனியில் ஒரு மங்கல் மினுக்கியது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே கொண்டுவரத் துடித்த கையை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்னண்ணே, சிலை மாதிரி நிக்கிற? சரியாச்சா?"

"நீ சொல்லு. உனக்கு என்ன தெரியுது?"

"நான் சொல்லி என்ன? நீ பாரு."

"பாப்பா, தள்ளிப் பிடிச்சுப் பாத்து, உனக்குத் தெரியறதைச் சொல்லு."

அவள் வாங்கிப் பார்த்தாள். சாய்த்தாள். அவளுக்குத் தெரிகிறது என்பது அவள் மூச்சிலேயே கேட்டது.

"லேசா சாய்ச்சா உள்ளே ஒரு வெள்ளை வட்டம் வருது" என்றாள் மெதுவாக. "இடுப்பு தெரியுது. நேத்தே பாத்தேன். ஒருவேளை இப்படித்தான் இருக்கணுமோன்னு..."

"மீன்கண்ணு."

"ஆமா" என்றாள். "மீன்கண்ணுதான்."

லென்ஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கழுத்திலிருந்த லென்ஸ் மார்பில் மோதியது. "அன்னைக்கு நான் பாத்தது உன் கல்லை இல்லை. என் தலையை. நாலு விரல் தூரத்துல வச்சுப் பாத்திருக்கேன். தள்ளிப் பிடிச்சா எனக்கு எதுவும் தெரியல. ஒரு வருஷமாத் தெரியல. உன் கல்லு நல்லா இருந்துச்சு."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டினார்கள். பாப்பா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"கோட்டைப் பாத்து உட்காருங்கன்னு சொன்னேன். அன்னையில இருந்து தெரியும்."

அவளுக்கு ஒரு சிரிப்பு வெடித்தது. வந்த வேகத்திலேயே அது வேறு எதுவாகவோ மாறி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கி அடங்க நேரமாயிற்று. லென்ஸ்காரர் அவள் முதுகைத் தட்டக் கையை நீட்டி, தட்டுகிற தகுதி இருக்கிறதா என்று யோசித்து, சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துவிட்டு. "நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். இதே ஜன்னல்ல தினம் பாத்தேன். அப்படிச் சிரிச்சுது. நீ கறுப்புன்னு சொன்னப்ப ‘உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா’ன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டிருக்கணும். மாடி மட்டும் கட்டினவ அஸ்திவாரத்தைப் பத்தி என்ன பேசறதுன்னு விட்டுட்டேன்."

"திட்டு. இப்பவாவது திட்டு."

"திட்டினா அடி வளந்துடுமா?"

"முதலாளிகிட்ட நாளைக்கே சொல்லிடறேன்" என்றார் அவர்.

"சொல்லு. முதல்ல என் கல்லு நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. உன் கண்ணைப் பத்தி அப்புறம் சொல்லு. மாத்திச் சொன்னீன்னா உன் கண்ணைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க."

மறுநாள் காலையில் அதே வரிசையில்தான் சொன்னார். முதலாளி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம், கோபித்துக்கொண்டு வெளியேறவும் வழியில்லை.

"சரி. அந்தக் கல்லைக் கொண்டுவரச் சொல்லுங்க. வேற ஆளை வச்சுப் பாப்போம்."

"அந்தக் கல்லு இப்ப இல்லைங்க. இருக்கு. ஆனா அது இல்லை."

"அது நல்லா இருந்ததை யாரு பாத்தா?"

"நான்தான் பாத்தேன்."

"நீங்க பாத்தப்ப ஆணித்தலைன்னீங்க."

"ஆமாங்க."

"இப்ப பாக்காமலே நல்ல கல்லுங்கறீங்க."

"ஆமாங்க." தன் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. "அவ அளந்து எழுதி வச்சிருக்கா. நாப்பதே முக்கால். நோட்டு இருக்கு."

முதலாளி கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார்: "அளவெல்லாம் கண்ணு இல்லாதவங்களுக்குன்னு நீங்கதானே சொல்வீங்க?"

லென்ஸ்காரர் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து லென்ஸை மேசை மேல் வைத்தார். நாடகம் போல ஆகிவிட்டதே என்று உடனே கூச்சமாக இருந்தது. லென்ஸ் அவருக்குச் சொந்தமானது என்பதும் நினைவுக்கு வந்தது. திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் முதலாளி. பாப்பாவுக்கும் இதே ‘பாக்கலாம்’தான். அடுத்த மாதம் கடையில் ஒரு அளவு மெஷின் வந்து உட்கார்ந்தது. ஜன்னல் பக்கம் இருந்த லென்ஸ்காரரின் நாற்காலியின் மேல்தான் அதை வைத்தார்களாம்.

பாப்பா இன்னொரு கல் வாங்கவில்லை. வாங்க ஒன்றும் மிச்சமில்லை. பட்டறைக்குத் திரும்பிப் போனாள். பழைய இடத்திலேயே உட்காரவைத்தார்கள், மேல்பட்டைக்கு. போகிற அன்று அண்ணன் வீட்டுக்கு வந்து காகித மடிப்பை நீட்டினாள். "விக்க மனசு வரல, வச்சிருக்கவும் முடியல. நீ வச்சுக்க. கண்ணு வந்தப்புறம் ஒழுங்காப் பாரு."

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, கட்டு அவிழ்த்து, சொட்டு மருந்து மட்டும் மிச்சமிருந்த ஒரு பகலில் அவர் அதைப் பிரித்தார். வீட்டு ஜன்னலில், நேர் வெயில் விழாத பக்கம் நின்று, கையை நீட்டினார். பழைய முழம். கல் சுத்தமாகத் தெரிந்தது. லேசாகச் சாய்த்ததும் வெள்ளை வளையம் எழுந்து அவரை முறைத்தது. அவர் தலை அதில் எங்கும் இல்லை. அப்புறம் லென்ஸை வைத்து மேல்பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கேட்காமலே போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் போன் செய்தார். பின்னால் சாப்பாட்டுத் தட்டுகளின் இரைச்சலில் பாப்பா கத்தினாள். "சொல்லுண்ணே! கண்ணு எப்படி இருக்கு?"

"தெரியுது. கல்லைப் பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"மீன்கண்ணு."

"அது எனக்கே தெரியுமே. வேற?"

"மேல்பட்டை ஒவ்வொண்ணும் முனையோட முனை தொட்டு நிக்குது. ஒண்ணுகூடப் பிசகல பாப்பா. நான் பாத்ததுலயே..."

"பத்தொன்பது வருஷமாப் போட்டது, பிசகுமா?" என்றாள் அவள். "நான் முதல்ல போட்டப்ப கீழே எப்படி இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா உன்னால?"

லென்ஸ்காரர் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். "முடியாது."

"அவ்வளவுதானே" என்றாள் பாப்பா. அங்கே மணி அடித்தது. "வைக்கிறேன்ணே, சக்கரத்தை ஓட விட்டுட்டாங்க. சொட்டு மருந்தை நிறுத்திடாதே."